பழைய கட்டிலில் ஒரு பால்மரம்

பால் வற்றிய ரப்பர் மரம் முன்பு பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. பூச்சி அரிக்காதபடி மருந்தேற்றி உலர்த்தும் முறை பரவியதும், 1980களில் அது தளவாட மரமானது. நம் தாத்தா பாட்டிமார் சுமார் 25 ஆண்டுகள் சீவிய மரம் அது.

மேருவில் எங்கள் வீட்டுப் பழைய கட்டிலின் தலைப்பலகை ஈரத்தில் உப்பிவிட்டது. மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை அது, உதவாது. கால்களும் குறுக்குச் சட்டங்களும் அசல் ரப்பர் மரம். சுத்தியலைத் தொடாமல் திருப்புளியால் கழற்றினேன். சிறு துளையும் மாவுபோல் தூளும் இருந்தால் வண்டு அரித்த கட்டை; அவற்றை ஒதுக்கினேன். மற்றவற்றை உப்புத்தாளால் தேய்த்துக் காலணி அடுக்கு செய்தேன். பழைய திருகாணிகளே போதுமானவை.

மாணவர்களே, தளவாடத்தை வீசுமுன் கவிழ்த்துப் பாருங்கள். எது மரம், எது தூள் என்பதை அடிப்பக்கம் காட்டிக்கொடுக்கும்.