ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு இரகசியம் இல்லையா?

ஒருவரிடம் பட்டன் போன் ஒன்று இருக்கிறது. பேசவும் குறுஞ்செய்தி பெறவும் அவருக்கு அது போதும். வீட்டில் நல்ல கணிப்பொறியும் இணைய இணைப்பும் உண்டு. பிறர் படிக்க இயலாதபடி நண்பர்களுடன் செய்தி பரிமாறிக்கொள்ள விரும்பி, சிக்னல் என்னும் செயலியைக் கணிப்பொறியில் நிறுவுகிறார். இதில் ஒரு தொல்லையும் இல்லை. விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் அது இலவசமாகவே கிடைக்கிறது. செயலியைத் திறந்தவுடன் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரக் கோலம் தோன்றுகிறது. கடைகளில் பணம் செலுத்தும்போது நாம் காணும் க்யூ.ஆர். கோலம்தான் அது. போனில் உள்ள சிக்னல் செயலியைக் கொண்டு அதைப் படிக்கச் செய்ய வேண்டும். அவருடைய போனிலோ சிக்னல் இயங்காது. அதற்கு ஆண்ட்ராய்டு அல்லது ஐபோன் வேண்டும். ஆக, முதற்படியிலேயே வழி அடைபட்டுவிட்டது!

இது சிக்னலுக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. வாட்ஸ்அப்பிலும் கணிப்பொறி என்பது போனுக்குத் துணைக்கருவிதான். எனினும் இரகசியம் காப்பதையே தன் முதல் நோக்கமாகக் கொண்டது சிக்னல். அதை நடத்துவது இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பு. ஆகவே அதையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

இரகசியச் செய்தி அனுப்பும் நுட்பத்துக்கே ஸ்மார்ட்போன் இன்றியமையாதது என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மைதானா?

பூட்டுக்குப் போன் தேவையா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் போதும். மங்கையும் வளவனும் ஓர் இரகசிய எண்ணைத் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்கள் பேசுவதை ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் 13, 2 என்ற இரண்டு எண்களை எல்லோரும் அறியத் தேர்ந்துகொள்கிறார்கள். மங்கை தன் மனத்துக்குள் 4 என்ற எண்ணை வைத்துக்கொள்கிறாள். 2இன் நான்காம் அடுக்கு 16. அதை 13ஆல் வகுத்தால் மீதி 3. இந்த 3ஐ அவள் உரக்கச் சொல்கிறாள். வளவன் மனத்துக்குள் நினைத்த எண் 5. 2இன் ஐந்தாம் அடுக்கு 32, மீதி 6. அவன் 6ஐ உரக்கச் சொல்கிறான். இனி மங்கை, வளவன் சொன்ன 6ஐ எடுத்து அதன் நான்காம் அடுக்கைக் காண்கிறாள். அது 1296. 13ஆல் வகுத்தால் மீதி 9. வளவன், மங்கை சொன்ன 3இன் ஐந்தாம் அடுக்கைக் காண்கிறான். அது 243. மீதி அதே 9!

இருவரிடமும் இப்போது 9 இருக்கிறது. அந்த எண்ணை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. ஒட்டுக்கேட்டவருக்குத் தெரிந்தவை 13, 2, 3, 6 மட்டுமே. எண்கள் சிறியவை ஆதலால் அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து 9ஐக் கண்டுபிடித்துவிடலாம். எண்கள் மிகப் பெரியவையானால் உலகிலுள்ள கணிப்பொறிகள் அனைத்தும் சேர்ந்தாலும் அப்படித் தேடி முடியாது. விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் 1976இல் இம்முறையை வெளியிட்டார்கள். சிக்னல் இதே கருத்தை ஒருவகை வளைவரையின் கணிதத்தில் பொருத்திப் பயன்படுத்துகிறது. அங்கே நம் 13இன் இடத்தில் இருப்பது, 2இன் 255ஆம் அடுக்கிலிருந்து 19ஐக் கழித்தால் வரும் பகா எண். அதற்கு 77 இலக்கங்கள்.

இன்னொரு நயமும் இதில் உண்டு. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது பற்சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். பின்னால் வராது அல்லவா? அதுபோல ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறிக்கொண்டே முன்னேறுகிறது. இன்றைய சாவி ஒருவர் கையில் சிக்கினாலும், அதிலிருந்து நேற்றைய சாவியைக் கணக்கிட முடியாது.

இக்கணக்குகளில் எந்த இடத்தில் ஸ்மார்ட்போன் வருகிறது? எங்கும் இல்லை. 1991இல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. என்ற இரகசிய அஞ்சல் நிரல், அக்காலச் சாதாரணக் கணிப்பொறியிலேயே ஓடியது. அப்போது ஸ்மார்ட்போன் கடைக்கே வந்திருக்கவில்லை.

போன் செய்யும் இரண்டு வேலைகள்

அப்படியானால் சிக்னலுக்குப் போன் எதற்கு? இரண்டு வேலைகளுக்கு. முதலாவது, நீங்கள் யார் என்பதற்கு அடையாளமாக உங்கள் தொலைபேசி எண் பயன்படுகிறது. இரண்டாவது, உங்கள் மூலச் சாவி குடியிருக்கும் வீடு போன்தான்.

எண்ணை அடையாளமாகக் கொண்டதற்கு நல்ல காரணங்கள் உண்டு. யார் யாருக்கு நண்பர் என்ற பட்டியல் ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது. அதை நிறுவனம் தன்னிடம் தொகுத்து வைக்க வேண்டியதில்லை. அன்றியும், ஒரே ஆள் ஆயிரம் பொய்க் கணக்குகள் திறந்து எல்லோருக்கும் குப்பைச் செய்தி அனுப்புவதும் கடினமாகிறது. ஓர் எண்ணைப் பெறச் செலவாகும் அல்லவா? சிக்னலுக்கும் இது மலிவான ஏற்பாடு அன்று. பதிவுக்கான குறுஞ்செய்திகளுக்கும் அழைப்புகளுக்கும் ஆண்டுக்குச் சுமார் 60 இலட்சம் டாலர் செலவாவதாக 2023இல் அந்த அமைப்பே கணக்குக் காட்டியது.

ஆனால் அந்தக் குறுஞ்செய்தி இருக்கிறதே, அது பூட்டப்படாத செய்தி! சங்கிலியின் மற்றக் கண்ணிகள் எஃகு. இது மட்டும் சணல் கயிறு. 2022 ஆகஸ்டில், சிக்னலுக்காக இந்தக் குறியீட்டு எண்களை அனுப்பிவந்த ட்விலியோ நிறுவனத்தில் அயலார் நுழைந்துவிட்டார்கள். சுமார் 1,900 பேருடைய எண்களுக்கு ஆபத்து வந்தது. அவர்களின் பழைய செய்திகள் தப்பின. அவை போன்களில்தானே இருந்தன. ஆனால் பிறர் பெயரில் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும் வழி சிலகாலம் திறந்திருந்தது.

நம் பட்டன் போன்காரர் இந்தக் குறுஞ்செய்தியை எளிதில் பெற்றுவிடுவார். தரைவழித் தொலைபேசியில்கூட, குரல் அழைப்பின் மூலம் குறியீட்டைக் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே எண்ணைப் பொறுத்தவரை அவருக்குத் தடையில்லை. தடையெல்லாம் இரண்டாவது வேலையில்தான். அந்தச் சதுரக் கோலத்துக்குள் கணிப்பொறியின் தற்காலிகப் பொதுச்சாவி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. போன் அதைப் படித்து, தன்னிடமுள்ள மூலச் சாவியை அதனால் பூட்டி, கணிப்பொறிக்கு அனுப்புகிறது. பிறகு போனை அணைத்து வைத்தாலும் கணிப்பொறி தானாகவே செய்தி அனுப்பும், பெறும். கொடுக்க ஒரு போன் இல்லாவிட்டால், பெறுவதற்கு ஒன்றுமில்லை.

சுற்றுவழிகள்

முதலில் எவருக்கும் தோன்றுவது, நண்பரின் போனை ஒரு மணி நேரம் இரவல் வாங்குவது. இது அவ்வளவு நல்ல யோசனை அன்று. ஒரு போனில் ஒரு கணக்குத்தான் இருக்க முடியும். நண்பர் தம் கணக்கை நீக்க வேண்டிவரும். மேலும் உங்கள் மூலச் சாவி இப்போது அவர் போனில் இருக்கிறது. அவரே நல்லவரானாலும், அந்தப் போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போகாது என்று யார் சொல்ல முடியும்? போனிலிருந்து செயலியை அழித்துவிட்டாலோ, இன்னொரு கணிப்பொறியை இணைக்கவும் விலக்கவும் வழியற்றுப் போகிறது. கணிப்பொறியில் செயலியை நெடுநாள் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். மறுபடியும் இரவல்!

இரண்டாவது வழி வேடிக்கையானது. கணிப்பொறிக்குள் ஒரு போலி ஆண்ட்ராய்டு போனை இயக்கும் நிரல்கள் உண்டு. அந்தப் போலிப் போனில் சிக்னலை நிறுவி, பட்டன் போனுக்கு வந்த குறியீட்டை அதில் தட்டலாம். பிறகு அதே கணிப்பொறியின் திரையில் தோன்றும் கோலத்தைப் படம் பிடித்து, அதே கணிப்பொறிக்குள் இருக்கும் போலிக் காமிராவுக்குக் காட்ட வேண்டும்! பெட்டி ஒன்றுதான். அதன் இடக்கை வலக்கைக்குச் சாவி கொடுக்கிறது. இச்சுற்று ஒன்றை மட்டும் ஐயமின்றிக் காட்டுகிறது: மூலச் சாவி கணிப்பொறியில் குடியிருக்க முடியும்.

மூன்றாவது, தன்னார்வலர்கள் எழுதிய சிக்னல்-சிஎல்ஐ என்ற நிரல். எண்ணைப் பதிவு செய்வது முதல் செய்தி அனுப்புவது வரை எல்லாவற்றையும் கணிப்பொறியிலேயே செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கட்டளை வரி தட்ட வேண்டும். பதிவின்போது, நாம் எந்திரம் அல்ல என்று மெய்ப்பிக்கும் படப்புதிர் ஒன்றை விடுவித்து, அதன் விடையாக வரும் நீண்ட எழுத்துச் சரத்தை வெட்டி ஒட்டவும் வேண்டும். சிக்னல் அமைப்பின் அதிகாரபூர்வ நிரலும் இதுவன்று. அங்கே மாறுதல் நேரும்போதெல்லாம் இங்கேயும் புதுப்பிக்க வேண்டும். கணிப்பொறி பழகிய மாணவருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. அவருடைய பாட்டிக்கு ஆகாது.

மறுபக்கம்

கணிப்பொறியை நம்பத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. அதை மறைப்பது முறையன்று. ஸ்மார்ட்போனில் ஒரு செயலியின் கோப்பை மற்றொரு செயலி படிக்க முடியாதபடி சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது. பல போன்களில் சாவியைக் காப்பதற்கென்றே தனிச் சில்லு உண்டு. சாதாரணக் கணிப்பொறியில் இத்தகைய சுவர் மெல்லியது. சிக்னலின் கணிப்பொறிப் பதிப்பே இதற்குச் சான்று. சேமித்த செய்திகளைத் திறக்கும் சாவி, பூட்டப்படாத எழுத்தாகவே ஒரு கோப்பில் கிடந்தது. 2018இலேயே சிலர் இதைச் சுட்டிக்காட்டினார்கள். 2024இல்தான் திருத்தத் தொடங்கினார்கள். கல்லூரிக் கூடத்துக் கணிப்பொறி போலப் பலர் புழங்கும் எந்திரத்தில் சாவியை வைப்பது எவ்வாற்றானும் தகாது.

ஆயினும் போனில் சாவி பத்திரமாக இருக்கும் என்பது ஒன்று. போன் இல்லாதவர் வெளியே நிற்கட்டும் என்பது மற்றொன்று. இணைக்கப்பட்ட கணிப்பொறியில் அதே மூலச் சாவியின் படி இருக்கத்தானே செய்கிறது? அந்த மெல்லிய சுவர் அப்போது மட்டும் தடித்துவிடுமா? இதற்குத் திருப்தியான விடை எனக்குக் கிடைக்கவில்லை. மேட்ரிக்ஸ், டெல்டா சாட் போன்றவற்றில் போனே இல்லாமல் கணிப்பொறியிலிருந்து கணக்குத் தொடங்கலாம். குப்பைச் செய்தியைத் தடுக்க அவை வேறு வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது, தேடிக்கொண்டும் இருக்கின்றன. ஆனால் நண்பர்கள் எல்லோரும் சிக்னலில் இருக்கும்போது, நாம் மட்டும் வேறிடத்தில் கடை விரித்து என்ன பயன்?

2024 பிப்ரவரியில் சிக்னல் ஒரு மாற்றம் செய்தது. தொலைபேசி எண்ணை நண்பர்களுக்குக் காட்டாமல், ஒரு பயனர் பெயரை மட்டும் கொடுக்கலாம் என்றது. நல்ல வசதிதான். ஆனால் கணக்குத் தொடங்க எண் வேண்டும் என்ற விதி அப்படியே நின்றது. போன் வேண்டும் என்ற விதியும் நின்றது.

நால்வர் உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஸ்மார்ட்போன் ஒன்றே, அது தந்தையிடம் இருக்கிறது. கணிப்பொறியும் ஒன்றே. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குத் தோழியிடமிருந்து வரும் செய்தி தந்தையின் போனில்தான் வந்து விழும். கணிப்பொறியிலோ நால்வரும் தனித்தனிக் கடவுச்சொல்லுடன் நான்கு கணக்குகள் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் சிக்னலைத் தனியே நிறுவவும் செய்யலாம். நிறுவியவுடன் நான்கு திரைகளிலும் அதே சதுரக் கோலம் தோன்றும். தந்தையின் திரையில் தோன்றுவதை மட்டும் படிக்க ஒரு போன் இருக்கிறது.