சாஸ் படித்தால் திருவாரூரில் வேலை கிடைக்குமா?

"சாஸ் கோர்ஸ் முடித்தால் லட்சக்கணக்கில் சம்பளமாமே சார், சேரலாமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. சம்பா நெல் விற்ற பணத்தில் பீஸ் கட்டப் போகிறார்கள் என்பதால் நான் சட்டென்று தலையாட்டுவதில்லை. எந்த ஊரில் வேலை பார்க்கத் தயார் என்றுதான் முதலில் கேட்பேன்.

சாஸ் என்பது புள்ளியியல் கணக்குகளுக்கான சாப்ட்வேர். இதை உருவாக்கிய அமெரிக்க நிறுவனம் 1976-ல் தொடங்கப்பட்டது. வங்கிகளிலும் பயன்படுகிறது என்றாலும் மருந்து ஆராய்ச்சியில்தான் இதற்குத் தனி மவுசு. புதிய மருந்தின் சோதனை விவரங்களை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்புக்கு அனுப்பும்போது 'சாஸ் டிரான்ஸ்போர்ட்' என்ற ஃபைல் வடிவில் தர வேண்டும். கணக்கையும் சாஸில்தான் போட வேண்டும் என்று எஃப்.டி.ஏ. சொல்லவில்லை. ஆனால் நிறுவனங்கள் பழகிவிட்டன! அதனால் வேலைகளும் அந்த நிறுவனங்கள் இருக்கும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை போன்ற நகரங்களில்தான். திருவாரூரில் உட்கார்ந்துகொண்டு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கானது. நிறுவனம் உங்கள் பெயரில் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதில் அடக்கம். 12-ஆல் வகுத்துப் பார்த்து அதுதான் கைக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பெருநகர வாடகையையும் கழியுங்கள்.

அரசு வேலையில் இந்த மூடுமந்திரம் கிடையாது. மத்திய அரசின் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி பணிக்கு எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வு எழுதலாம். பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். அல்லது பிளஸ் 2 கணிதத்தில் 60 சதவீதத்துடன் ஏதாவது ஒரு பட்டம். 7-வது ஊதியக் குழு அட்டவணைப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.35,400. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வில் தேறினால் ரூ.56,100. ஊருக்கு ஊர் மாறுவது வீட்டு வாடகைப் படி. 2024 ஜனவரி முதலான விகிதப்படி சென்னையில் 30 சதவீதம், திருவாரூர் போன்ற சிறிய ஊர்களில் 10 சதவீதம். ரூ.35,400-க்கு முறையே ரூ.10,620, ரூ.3,540. வித்தியாசம் ரூ.7,080. சென்னையில் இதற்கு வீடு கிடைக்குமா என்பதை நீங்களே சொல்லுங்கள்!

நம் ஊரில் புள்ளியியலுக்கு வேலையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு தருவதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை முக்கியம். குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்தெடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, எடை போடுவார்கள். காப்பீடு செய்த சுற்றுவட்டார விவசாயிகளுக்குப் பணம் வருமா வராதா என்று முடிவாவதில் அந்தச் சராசரிக்குப் பெரிய பங்கு உண்டு. மாநில அரசின் புள்ளியியல் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. இதற்கு சாஸ் தேவையில்லை, புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும். 2009-ல் தொடங்கப்பட்ட, நீலக்குடியில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்திலேயே புள்ளியியல் துறை இருக்கிறது.

பீஸ் கட்டும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இரண்டு மாதம் முயன்று பாருங்கள். 'ஆர்' என்ற சாப்ட்வேர் முற்றிலும் இலவசம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சாஸ் நிறுவனமும் படிப்பவர்களுக்காக 'ஆன்டிமாண்ட் ஃபார் அகாடமிக்ஸ்' என்ற இலவச வசதி வைத்திருக்கிறது. இன்டர்நெட்டும் பிரவுசரும் போதும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதற்குப் பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் பயிற்சி மையத்துக்குப் போங்கள். சென்ற ஆண்டு படித்தவர்கள் எந்த ஊரில், என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். அவர்களில் இரண்டு பேரிடமாவது நேரில் பேசிவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.