உப்பை விரும்பும் கிருமி

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலைக் கண்டவர்கள், அதற்கு உப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அறிவார்கள். பச்சைத் தோலில் உப்பைத் தடவி வைத்தால், அதை அழுகச் செய்யும் கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால் எல்லாக் கிருமிகளும் உப்புக்கு அஞ்சுவன அல்ல. காற்புள்ளிபோல் வளைந்த ‘விப்ரியோ’ இனம் கடலிலும் கழிமுகங்களிலும் செழித்து வாழ்வது. காலரா என்னும் வாந்திபேதியை விளைவிப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதற்குச் சிறிதளவு உப்பே போதும். ஆகவே கடலுக்கு வெகு தொலைவிலுள்ள நன்னீரிலும் அது தங்கக் கூடும்.

ஒரு துளிக் குளத்து நீரில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றுள் இதனை எவ்வாறு பிரித்தெடுப்பது? அதன் விருப்பத்தையே நாம் கருவியாகக் கொள்கிறோம். பிற கிருமிகள் பல விரும்பாத காரத்தன்மை இதற்கு உகந்தது. எனவே காரமூட்டிய பெப்டோன் நீரில் மாதிரியை இட்டு, 37 பாகை வெப்பத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைக்கிறோம். விப்ரியோ மற்றவற்றை முந்திப் பெருகி மேற்பரப்பில் திரள்கிறது. அங்கிருந்து சிறிது எடுத்து, பித்த உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பச்சைநிற அகார்த் தட்டில் கீறுகிறோம். மறுநாள் காலராக் கிருமியின் கூட்டங்கள் மஞ்சளாகத் தோன்றுகின்றன. அது சர்க்கரையைப் புளிக்கச் செய்வதே காரணம். கடல்மீன், இறால் வழியே வயிற்றுப்போக்குத் தரும் அதன் உறவினமோ பச்சையாகவே நிற்கும்.

மஞ்சள் நிறம் கண்டதும் முடிவு கூறலாகாது. எதிர்ச்சீரம் ஒரு துளி சேர்த்து, கிருமிகள் திரிந்து கட்டிப்படுகின்றனவா என்று பார்க்கவேண்டும். ‘ஓ1’ சீரத்தோடு கட்டிப்படுபவையே கொள்ளைநோய் பரப்பும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நம்பிக்கை குலைந்தது. சென்னை, வேலூர், மதுரை ஆகிய இடங்களில் நோயாளிகளிடம் காலராவின் குறிகள் அனைத்தும் இருந்தன. கிருமியோ அச்சீரத்தோடு கட்டிப்படவில்லை. ‘இது காலரா அன்று’ என்று ஒதுக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? ஒதுக்காமல் ஆராய்ந்தமையால் புதியதொரு வகை வெளிப்பட்டது. முன்பே 138 வகைகள் அறியப்பட்டிருந்தமையால் அதற்கு ‘ஓ139’ என்று பெயரிட்டனர். பழைய வகையால் பெற்ற எதிர்ப்பாற்றல் இதற்குப் பயன்படாமையால், வயது வந்தோரும் பெருவாரியாகத் தாக்குண்டனர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இம்மாற்றத்தை 1993-இல் உலகுக்கு அறிவித்தனர். பின்னர் வேலூரின் நன்னீர் நிலைகளையும் ஆராய்ந்தனர்.

மற்றொரு நுட்பமும் உண்டு. சூழ்நிலை ஒவ்வாதபோது இக்கிருமி சாகாமலே, தட்டில் வளராத உறக்க நிலையை எய்துகிறது. அப்போது ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு நுண்ணோக்கியில் தேடவேண்டும். ஆகவே தட்டில் வளராத கிருமி நீரில் இல்லை என்று துணிந்துவிடக் கூடாது.

நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களின் ஓட்டில் இது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதும் தேடலால் விளைந்த அறிவே. அதன் பயனைப் பாருங்கள். வங்காளதேசத்துக் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டியபோது, காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. காய்ச்சிய நீருக்கு அது ஈடாகாது. எனினும் விறகுக்கு வழியற்ற வீட்டிலும் பழஞ்சேலை இருக்குமன்றோ!