இடது மூலையில் நாலு புள்ளிகள்

இலங்கையின் 25 மாவட்டங்களையும் ஒரே சிதறல் வரைபில் போட்டுப் பாருங்கள். கிடை அச்சில் பரப்பளவு (குளங்களும் சேர்த்துத்தான்; வன்னியில் அதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்க முடியுமா?). நிலைக்குத்து அச்சில் 2012ஆம் ஆண்டு எண்ணிய சனத்தொகை. கொழும்பு 23 இலட்சத்தைத் தாண்டி உச்சியில் நிற்கும். அனுராதபுரம் 7,179 சதுர கிலோமீற்றரோடு வலது ஓரத்துக்குப் போய்விடும். இவை இரண்டையும் பெயர் எழுதாமலே கண்டுபிடிக்கலாம்.

சிக்கல் கீழே, இடது மூலையில், வன்னியின் நாலு மாவட்டங்களில். மன்னார் 1,996 சதுர கிலோமீற்றர், 99,570 பேர். வவுனியா 1,967, 172,115 பேர். முல்லைத்தீவு 2,617, 92,238 பேர். நாட்டிலேயே ஆகக் குறைந்த சனத்தொகை. கிளிநொச்சி 1,279, 113,510 பேர். நாலும் பஸ் மிதிபலகையில் தொங்குபவர்கள் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. எது எதென்று தெரிய வேண்டுமானால் பெயர் எழுதத்தான் வேண்டும். எழுதினால்தான் இன்னொன்றும் கண்ணில் படும்: கிளிநொச்சிக்கு நேர் மேலே நிற்கும் புள்ளி மாத்தறை. பரப்பு 1,283, ஏறக்குறைய சமம். ஆட்கள் ஏழு மடங்கு.

எக்செலில் இந்த வேலை நெடுங்காலம் பெரும் தலையிடியாக இருந்தது. புள்ளியின் எண்ணைக் காட்டும்; மாவட்டத்தின் பெயரைக் காட்டாது. ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் கையால் தட்டச்சு செய்தோம். 2013 பதிப்பில்தான் வேறொரு நிரலில் உள்ள பெயர்களை எடுத்துப் புள்ளிகளுக்குச் சூட்டும் வசதி வந்தது.

ஆர் (R) என்ற நிரல் மொழியில் ஒரு வரி எழுதினால் 25 பெயரும் விழுந்துவிடும், ஒன்றின்மேல் ஒன்றாக. மன்னாரும் வவுனியாவும் சேர்ந்து ஒரு கறுப்புக் கறையாகும். அதைத் தவிர்க்க, ஜிஜிபிளொட்2 பொதியில் மோதும் பெயர்களை எழுதாமல் விடச் சொல்லலாம். எதை விடுவது என்று அது எப்படித் தீர்மானிக்கிறது தெரியுமா? அட்டவணை வரிசைப்படி. முதலில் வந்த பெயர் எழுதப்படும், அதோடு மோதும் பிந்திய பெயர் கைவிடப்படும். புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணைகளில் வடக்கின் வரிசை யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி. ஆக மன்னார் பிழைக்கும், வவுனியா போகும். எழுத்துக் கொஞ்சம் பெரிதானால் பின்னால் வரும் இரண்டும் சேர்ந்து போகும். திரையில் ஓர் எச்சரிக்கைகூட வராது.

பெயரை எங்கே வைப்பது என்பது வரைபடக்காரர்களின் பழைய கவலை. சுவிற்சர்லாந்தின் எட்வார்ட் இம்ஹொஃப் 1962இல் இதற்கென்றே விதிமுறைகள் எழுதினார். புள்ளிக்கு வலப்பக்கம் சற்று மேலே வைப்பதுதான் அவருக்கு உவப்பானது. புள்ளிக்கு நாலே இடங்கள் என்று வைத்தாலும், 25 புள்ளிகளுக்கு 1,125 இலட்சம் கோடி விதமாகப் பெயர் வைக்கலாம். எல்லாவற்றையும் சோதித்து ஆகச் சிறந்ததைத் தேடினால் விடிந்துவிடும். அதனால் 2016இல் கமில் ஸ்லோவிகோவ்ஸ்கி வெளியிட்ட ஜிஜிரிபெல் என்ற ஆர் பொதி குறுக்கு வழியில் போகிறது. பெயர்கள் ஒன்றையொன்று தள்ளும். ஒவ்வொன்றையும் அதன் புள்ளி ஒரு வில்லுச்சுருள் போல இழுக்கும். தள்ளலும் இழுவையும் அடங்கும்வரை காத்திருந்து, தூரம் போன பெயருக்கு ஒரு மெல்லிய கோடு போட்டுவிடும். இதுவும் நெரிசல் மிகுந்தால் பெயரை விட்டுவிடும்தான். ஆனால் இத்தனை புள்ளிக்குப் பெயரில்லை என்று வாய் திறந்து சொல்லும்.

தமிழில் எழுதப் போனால் இன்னொரு கூத்து. 'கிளிநொச்சி' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்துக் குறியீடு. எழுத்துகளைக் கோர்க்கத் தெரியாத வரைகருவி, 'நொ'வின் கொம்பையும் காலையும் 'ந' எழுத்தின் இரு பக்கமும் வைக்காமல் பின்னால் ஒட்டிவிடும். எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் பெட்டிகள்தான். ஆரில் வழக்கமான பிடிஎஃப் வழியை விட்டுக் கெய்ரோ எனும் வரைகருவி வழியாகச் சேமித்தால் பெரும்பாலும் சரிவரும்.

என்னைக் கேட்டால், பெயர்களோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அச்சை மாற்றிப் பார்க்க வேண்டும். சாதாரண அளவிடையில் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் உள்ள இடைவெளி வரைபின் உயரத்தில் நூற்றுக்கு மூன்று. பாடசாலையில் படித்த மடக்கை அளவிடையைப் போட்டால் நூற்றுக்குப் பதினேழு. மூலை விரிந்து மூச்சு விடும்.

அதே வரைபை 2001 கணக்கெடுப்புக்கும் வரையலாமே என்று தோன்றும். அந்த ஆண்டு 18 மாவட்டங்களில்தான் எண்ணிக்கை முழுமையானது. மீதி ஏழும் வடக்கு, கிழக்கில். வன்னி மாவட்டங்கள் எல்லாம் அதற்குள். அதற்கு முந்திய கணக்கெடுப்பு 1981இல். கிளிநொச்சி தனி மாவட்டமானதோ 1984இல். அப்படியென்றால் தேசியக் கணக்கெடுப்பு வரைபில் கிளிநொச்சிக்கு ஒரு முழுப் புள்ளி விழுந்தது 2012இல்தான்.

ஏழு இடங்களையும் வெறுமையாக விட்டு 2001 அட்டவணையை ஜிஜிபிளொட்2இடம் கொடுத்தால் மறுக்காமல் வரைந்து தரும். ஏழு வரிசைகள் நீக்கப்பட்டன என்று ஒரு செய்தி திரையில் வரும், அச்சில் வராது. நான் அந்த ஏழு பெயரையும் வரைபின் வலது ஓரத்தில் புள்ளியில்லாமல் கீழ்மேலாக எழுதி, பக்கத்தில் 'முழுமையாக எண்ணப்படவில்லை' என்று போட்டு வைத்தேன். அதற்கு ஆயத்தமான கட்டளை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஏழையும் கையால்தான் வைக்க வேண்டியிருந்தது.