ஆட்டம் யாருடையது?



விளையாட்டு வினையாகும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சிறுவர் வேடிக்கையாகத் தொடங்கும் செயல் தீங்கில் முடிந்துவிடக் கூடாது என்று பெரியோர் எச்சரிப்பதற்காகப் பிறந்தது அது. இந்நாளில் அப்பழமொழிக்கு மற்றொரு பொருளும் உண்டாகியிருக்கின்றது. பெரியோரே தொடங்கிச் சிறுவர்மேல் ஏற்றிவைக்கும் விளையாட்டு, ஓய்வு ஒழிவில்லாத வேலையாகவும், சில வேளைகளில் துன்பமாகவும் மாறி வருகின்றது. அதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

எங்கள் சோழபுரத்துக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரில் வாழ்ந்தவர் பெரியாழ்வார். அவர் கண்ணனைத் தம் பிள்ளையாகக் கொண்டு, தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி என அவன் வளரும் படிகளை ஒவ்வொன்றாகப் பாடினார். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களுக்கு அப்பாடல்கள் முன்னோடியாயின. பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. மூன்றும் விளையாட்டின் பெயர்கள். பெரியாழ்வாரின் திருமகளான ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பகுதி முழுவதையும், தாங்கள் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் கண்ணனிடம் வேண்டுவதாகவே அமைத்திருக்கின்றார். அந்தச் சிற்றிலைக் கட்டுமாறு எவரும் அவர்களை ஏவவில்லை. அதற்கு மதிப்பெண் இட்டவரும் இல்லை. கோப்பை கொடுத்தவரும் இல்லை. ஆயினும் அவர்களுக்கு அது அரிய பொருளாக இருந்தது. காரணம் ஒன்றுதான்: அது அவர்களுடையது.

இனி நம் காலத்துப் பிள்ளையின் வாரத்தைப் பார்ப்போம். திங்களும் புதனும் சிலம்பம். செவ்வாயும் வியாழனும் சதுரங்கம். வெள்ளி மாலை இறகுப்பந்து. நாள்தோறும் தனிப்பயிற்சி வகுப்பு. சனி, ஞாயிறுகளில் வெளியூர்ப் போட்டி. விடியுமுன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இராசபாளையத்துக்கோ திருவில்லிபுத்தூருக்கோ பேருந்து ஏறும் சிறுவர்களை எங்கள் ஊரில் காண்கின்றேன். அவர்களுள் சிலர் முகத்தில் ஆர்வம் ஒளிவிடுகின்றது. சிலரோ இருக்கையில் அமர்ந்தவுடன் கண் அயர்ந்துவிடுகின்றனர்.

பெற்றோரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். விளையாட்டு வீரர்க்குக் கல்லூரிகளில் இட ஒதுக்கீடு உண்டு. அரசுப் பணியிலும் உண்டு. ஒரு சான்றிதழ் குடும்பத்தையே கரையேற்றும் என்று ஏழைத் தந்தை நம்புவது இயல்பு. தமக்குக் கிட்டாதது தம் மக்களுக்கேனும் கிட்டட்டும் என்ற எண்ணமும் பழி கூறத்தக்கதன்று. ஆனால் நல்லெண்ணம் அளவு கடந்தால் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

ஒடிசாவில் புதியா சிங் என்றொரு சிறுவன். தந்தையை இழந்த வறிய குடும்பத்தில் பிறந்தவன். பயிற்சியாளர் ஒருவர் அவனைத் தம் இல்லத்தில் வைத்து வளர்த்து, ஓடப் பழக்கினார். 2006-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், நான்கே வயதான அச்சிறுவன் பூரியிலிருந்து புவனேசுவரம் நோக்கி ஓடினான். 65 கிலோமீட்டர் தொலைவை 7 மணி 2 நிமிடத்தில் கடந்தான். வழியெங்கும் மக்கள் திரண்டு ஆரவாரித்தனர். பிறகு மருத்துவர்கள் அவனைச் சோதித்தபோது, அவன் உடலில் ஊட்டக்குறைவும் இரத்தசோகையும் இருந்தன. இதயத்தின்மேல் மிகுந்த பாரம் ஏறியிருந்ததும் தெரிந்தது. அரசு தலையிட்டு அவனது நெடுந்தூர ஓட்டத்தைத் தடுத்தது. பின்னர் அவன் அரசு விளையாட்டு விடுதியில் சேர்க்கப்பட்டான். அவன் கதை 2016-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. ஆனால் எந்த ஒலிம்பிக் ஓட்டத்தை எண்ணி அன்று நாடு கைதட்டியதோ, அந்த ஓட்டம் அவனுக்கு வாய்க்கவே இல்லை. கைதட்டியவர்களில் எவரும் தீயவர் அல்லர். நான்கு வயதுக் குழந்தைக்கு இது எதற்கு என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை என்பதே துயரம்.

குழந்தையின் உடல் பெரியவர் உடலின் சிறு உருவம் அன்று. வளரும் பருவத்தில் நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு என்னும் பகுதி இருக்கின்றது. எலும்பு நீளுவது அவ்விடத்திலேதான். முற்றிய எலும்பைவிட அது மென்மையானது. ஒரே வகை அசைவை நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை செய்யும்போது அந்த மென்மையான பகுதி நோகின்றது. குதிப்பும் ஓட்டமும் மிகுந்த விளையாட்டுகளில் ஈடுபடும் சிறுவர்க்கு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வீங்கி வலிப்பதுண்டு. பாஸ்டன் நகரத்து ஆஸ்குட், சூரிச் நகரத்து ஷிலாட்டர் என்னும் இரு மருத்துவர்கள் 1903-ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கியிருக்கின்றனர். வேகப்பந்து வீசும் இளைஞர்க்கு முதுகெலும்பின் அடிப்பகுதியில் நுண்ணிய முறிவு உண்டாகின்றது. போதிய உணவின்றிக் கடும் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிலக்கு தடைப்பட்டு, எலும்பு வலுவிழக்கின்றது. இவை ஒரே நாளில் நேரும் விபத்துகள் அல்ல. ஓய்வின்மையால் சிறிது சிறிதாகச் சேர்பவை. ஆதலின் ஓய்வே இவற்றுக்கு முதல் மருந்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் அளித்த அறிவுரையும் இதுவே: வாரத்தில் ஓரிரு நாள் பயிற்சி வேண்டா, ஆண்டில் மூன்று மாதமேனும், மாதம் மாதமாகப் பிரித்தாவது, அந்த ஒரே விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும், ஒன்றை மட்டுமே பற்றிக்கொள்வதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடுவது நலம்.

உடலின் நோவைப் படம் எடுத்துக் காட்டலாம். மனத்தின் நோவை அவ்வாறு காட்ட இயலாது. அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசி உலகின் முதல் நிலையை எட்டியவர். சிறு வயதில் நாளொன்றுக்கு 2,500 பந்துகளை அடிக்கவேண்டும் என்று தம் தந்தை வற்புறுத்தியதையும், தமக்கு அவ்விளையாட்டின்மீது வெறுப்பே இருந்ததையும் 2009-இல் வெளியான தன்வரலாற்றில் அவர் எழுதினார். அதே நாட்டின் ஜெனிஃபர் காப்ரியாத்தி 1990-இல், பதினான்கு வயது நிறையுமுன்னரே, தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே களைத்துச் சலித்து ஆட்டத்தை விட்டு விலகினார். இளஞ்சிறுமியர் ஓராண்டில் ஆடக்கூடிய போட்டிகளுக்கு மகளிர் டென்னிஸ் சங்கம் 1995 முதல் வரம்பு விதித்தது. காப்ரியாத்தி பின்பு தாமே விரும்பித் திரும்பி வந்து, 2001-இல் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் பிரெஞ்சுப் பட்டத்தையும் வென்றார்.

நம் ஊர்ப்புறத்துப் பெற்றோர் பெரும்பாலும் இவ்வாறு வற்புறுத்துவதில்லை. அவர்கள் தியாகம் செய்கின்றார்கள். நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்த தந்தை, உறங்காமல் மகனை மைதானத்துக்கு அழைத்துச் செல்வதைக் கண்டிருக்கின்றேன். மகளின் காலணிக்காகத் தாய் காதணியை அடகு வைப்பதும் உண்டு. இத்தகைய தியாகம் போற்றத்தக்கது. ஆனால், "உனக்காக எவ்வளவு செய்கின்றோம், பார்!" என்ற ஒரு சொல் அதனுடன் சேர்ந்துவிட்டால், அந்தத் தியாகம் பிள்ளையின் தோளில் கடனாக ஏறிவிடுகின்றது. பிறகு அவன் ஆடுவது ஆட்டம் அன்று, கடன் அடைப்பு. கபடி ஆடிய மாணவன் ஒருவன் வாரக்கணக்கில் முழங்கால் வலியை மறைத்திருந்தான். காரணம் கேட்டபோது, "அப்பா வட்டிக்கு வாங்கி ஷூ எடுத்துக் கொடுத்திருக்கார், சார்" என்றான். அவனை எவரும் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. அந்தக் காலணியின் விலையே அவனை அச்சுறுத்தப் போதுமானதாக இருந்தது.

இந்த ஆசை முற்றினால் நேர்மையையும் விழுங்கிவிடும். வயதைக் குறைத்துக் காட்டிச் சிறுவர் பிரிவில் ஆடவைக்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அதனைத் தடுக்க, இளையோர் கிரிக்கெட்டில் மணிக்கட்டு எலும்பை ஊடுகதிர்ப் படம் எடுத்து வயதைச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. தன் பிறந்தநாளையே பொய்யாகச் சொல்லுமாறு கற்பிக்கப்படும் சிறுவன், விளையாட்டிலிருந்து வேறு எந்த ஒழுக்கத்தைக் கற்பான்?

இங்கே ஒரு தடை எழும். சென்னையில் பிறந்த குகேசு, 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், தம் பதினெட்டாம் வயதில் உலகச் சதுரங்க வாகையர் ஆனார். நான்காம் வகுப்புக்குப் பின் அவர் முறையான பள்ளிப் படிப்பை விட்டவர். மருத்துவரான அவர் தந்தை, தொழிலை நிறுத்தி வைத்துவிட்டு மகனுடன் நாடு நாடாகச் சென்றவர். "அவ்வாறு அனைத்தையும் துறக்காமல் சிகரத்தை எட்ட முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். அக்குடும்பத்தின் துணிவை நான் வணங்குகின்றேன். எனினும், நெஞ்சில் தானே மூண்ட தீக்குத் துணை நிற்பது வேறு. தீ இல்லாத இடத்தில் ஊதிக்கொண்டே இருப்பது வேறு. மேலும் அது ஒன்றே வழியும் அன்று. விசுவநாதன் ஆனந்து தம் அன்னையிடம் சதுரங்கம் கற்றவர். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன அவர், சென்னை இலயோலாக் கல்லூரியில் வணிகவியல் பட்டமும் பெற்றார். பிறகு உலகப் பட்டத்தையும் வென்றார்.

கணக்கு ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். 64 பேர் பங்குபெறும் வெளியேற்றப் போட்டியில் முதற்சுற்றிலேயே 32 பேர் வீடு திரும்புவர். முடிவில் 63 பேர் தோற்றவர்; வென்றவர் ஒருவர். கோப்பை கொண்டுவரும் பிள்ளையைத்தான் வீடு மலர்ந்து வரவேற்கும் என்றால், 63 வீடுகளில் அன்றிரவு விளக்கு மங்கியிருக்கும். நாம் மேடையில் நிற்கும் ஒருவரையே காண்கின்றோம். வழியில் முழங்காலோ மனமோ ஒடிந்து நின்றுவிட்டவர்களை எண்ணுவதில்லை.

இதற்கு வேறு வழி கண்ட நாடும் உண்டு. நார்வே நாட்டின் விளையாட்டுக் கழகம் 1987 முதல் சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி விதிகள் வகுத்திருக்கின்றது. பதினொரு வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் வெளியிடுவதில்லை. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்குத் தேசிய வாகையர் போட்டிகள் இல்லை. எவ்வளவு பயிற்சி செய்வது என்பதில் குழந்தையின் சொல்லுக்கு இடம் உண்டு. அந்நாட்டின் மக்கள்தொகை தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஆயினும் 2022-இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அது 16 தங்கப் பதக்கங்களை வென்றது. அதுவரை எந்த நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை தங்கம் வென்றதில்லை. அவ்விதிகளே வெற்றிக்குக் காரணம் என்று நான் கூறமாட்டேன். அங்கே பனியும் உண்டு, செல்வமும் உண்டு. குழந்தைகளைக் குழந்தைகளாக விட்டுவைத்ததனால் அந்நாடு தோற்றுப்போகவில்லை என்பது மட்டும் தெளிவு. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமைகள் என்று ஐக்கிய நாடுகள் அவையின் 1989-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு கூறுகின்றது. இந்தியா 1992-இல் அதனை ஏற்றுக்கொண்டது.

நண்பர்களே, இவ்வளவும் கேட்டபின், நாளைக் காலை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "தலைமை ஆசிரியரே ஓய்வெடுக்கச் சொன்னார்" என்று கூறிவிடாதீர்கள். அதிகாலையில் எழுவதற்குச் சோம்புவதும், தோற்ற மறுநாள் மட்டையை மூலையில் எறிவதும் எல்லார்க்கும் உள்ள பலவீனம். அதற்குப் பெற்றோர் இடங்கொடாதிருப்பது நன்மையே. ஏற்றுக்கொண்ட பருவத்தை முடித்துவிட்டு, அதன்பின் விடுவதா தொடர்வதா என்று தீர்மானிப்பது முறை.

உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசும் சான்றிதழும் இல்லையென்றாலும் நான் இதை ஆடுவேனா? வலியை எவரிடமிருந்தேனும் மறைக்கின்றேனா? உறக்கம், படிப்பு, நட்பு ஆகிய மூன்றில் எதை இது தின்றுகொண்டிருக்கின்றது? விடைகள் உங்களைக் கலங்கச் செய்தால், பெற்றோரிடம் பேசுங்கள். தோற்ற நாளில் பேச வேண்டா. அன்று அது சாக்காகத் தோன்றும். அமைதியான ஒரு மாலையில், "அப்பா, நீங்கள் படும்பாடு எனக்குத் தெரியும், எனக்கு முடியவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லுங்கள். பேச வாய் எழவில்லையெனில், நம்பிக்கைக்குரிய ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள்.

கல்லூரியில் பயிலும் நீங்கள் இன்றே அண்ணன்மார், அக்காமார், நாளை பெற்றோர். ஆட்டம் முடித்து வரும் சிறுவன் வாசற்படி ஏறும்போது, "ஜெயித்தாயா?" என்பதை முதற்கேள்வியாகக் கேளாதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். வெற்றியோ தோல்வியோ, அதை அவனே வந்து சொல்லுவான். ஏனெனில் ஆட்டம் அவனுடையது.