லட்சத்தீவின் ‘மாஸ்’ மீன்: வீட்டில் சமைப்போர் கவனிக்க வேண்டியது என்ன?

லட்சத்தீவின் சுவையை வீட்டுச் சமையலறையில் பெற விரும்புவோருக்குத் தேங்காய் மட்டும் போதாது. ‘மாஸ்’ எனப்படும் உலர்மீனும் வேண்டும். மினிக்காய் தீவினர் தூண்டிலில் பிடிக்கும் சூரை மீனை உப்புநீரில் வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை வெயிலில் உலர்த்துகின்றனர். ஐஸ் இல்லாத காலத்தில் மீனைக் காத்த முறை இது. தமிழகக் கடலோரச் சந்தைகளில் இவ்வகை மீனுக்கு ‘மாசி’ என்று பெயர்.

சிறு துண்டு ஒன்றை உரலில் இடித்து, தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், மிளகாயுடன் பிசைந்தால் சோற்றுக்கோ ரொட்டிக்கோ துணையாகும். மீனிலேயே உப்பு இருப்பதால், சுவைத்துப் பார்த்த பின்னரே உப்பிட வேண்டும்.

ஈரம் படாமல் காற்றுப்புகாத கலனில் வைப்பது அவசியம். கெட்டுப்போன சூரையில் உருவாகும் ஹிஸ்டமின் எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. நாவில் சுருக்கென்று காரம் தட்டினால், விலையைப் பாராமல் அத்துண்டை எறிந்துவிடுவதே நல்லது.