பின்னால் வந்தவர் மீதுதான் பிழையா?

ஜும்ஆ முடிந்து உக்கடத்திலிருந்து கரும்புக்கடை நோக்கி வந்துகொண்டிருந்தோம். காரை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். சாலையின் குறுக்கே சிறுவன் ஒருவன் ஓடிவரவே, அவர் பிரேக்கை அழுத்தினார். மறுகணம் பின்புறத்தில் 'டமார்' என்றொரு சத்தம். இறங்கிப் பார்த்தால், ஒரு ஸ்கூட்டர் எங்கள் பம்பரை விரிசல்விடச் செய்துவிட்டுத் தன் முன்விளக்கையும் இழந்து நின்றது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை.

"ஏனுங்க பாய், திடுதிப்புனு இப்படி நிறுத்தினா நான் என்னங்க பண்றது?" என்றார் ஸ்கூட்டரில் வந்த பெரியவர். "இடைவெளி விட்டு வரவேண்டாமா?" என்றார் மைத்துனர். ஐந்து நிமிடத்தில் அங்கே ஒரு நீதிமன்றமே கூடிவிட்டது! பின்னால் வந்து இடித்தவர்தான் குற்றவாளி என்று பாதிப்பேரும், பெரிய வண்டிக்காரர்தான் கொடுக்கவேண்டும் என்று மீதிப்பேரும் தீர்ப்பளித்தனர். ஒருவர் வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டி, "தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளலாம்" என்றார். மைத்துனர் பேனாவை வாங்கியும்விட்டார். நான்தான் தடுத்தேன்.

ஏன் தடுத்தேன் என்பதைச் சொல்லவேண்டும். நாம் பிரித்துப் பாராமலே பீரோவில் வைத்துப் பூட்டும் பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றித் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ, கொடுப்பதோ கூடாது என்பதே அது. நடுத்தெருவில் எழுதித் தரும் நான்கு வரி, பிறகு நிறுவனம் கைவிரிப்பதற்குக் காரணமாகிவிடக்கூடும். விபத்தை உடனே எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்பதும், சேதமான வண்டியைப் பழுதுபார்க்காமல் ஓட்டி மேலும் கெடுத்துக்கொண்டால் அது நம் பொறுப்பே என்பதும் அதே தாளில்தான் இருக்கின்றன.

பின்னால் வந்தவர் மீதே எப்போதும் பிழை என்ற நம்பிக்கைக்கு வருவோம். நம் கோவையிலேயே நடந்த ஒரு வழக்கு இதற்கு விடை சொல்கிறது. 2017 ஜனவரி 7 அன்று, முன்னே சென்ற கார் நெடுஞ்சாலையில் சட்டென்று நின்றது. மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பேருந்து அவர்மேல் ஏறியது. இளைஞர் தம் இடது காலை இழந்தார். கருவுற்றிருந்த தம் மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தினேன் என்றார் கார் ஓட்டியவர்.

யார் மீது பிழை? கீழே தீர்ப்பாயம் கார்க்காரரை முற்றிலும் விடுவித்து, பேருந்தின் மீது 80 விழுக்காடும் மாணவர் மீது 20 விழுக்காடும் சுமத்தியது. சென்னை உயர்நீதிமன்றமோ கார்க்காரருக்கு 40, பேருந்துக்கு 30, மாணவருக்கு 30 என்று பிரித்தது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் அதையும் மாற்றி, கார்க்காரருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 என்றது. பின்வருவோரை எச்சரிக்காமல் நெடுஞ்சாலையில் திடீரென நிறுத்துவது கவனக்குறைவே என்பது அதன் முடிவு. போதிய இடைவெளி விடாததும், முறையான ஓட்டுநர் உரிமம் இல்லாததும் மாணவரின் பங்காயின. 1 கோடியே 14 லட்சம் என்று கணக்கிடப்பட்ட இழப்பீடு, அவருடைய 20 விழுக்காடு கழிக்கப்பட்டுச் சுமார் 91 லட்சமாயிற்று. ஒரே விபத்து, மூன்று மன்றங்களில் மூன்று கணக்கு! தெருவோரத்தில் ஐந்து நிமிடத்தில் நாம் தீர்ப்பெழுத முனைவதை என்னென்பது?

எங்களுடையது சிறு மோதல்தான். எனினும் இத்தகைய சிறு மோதல்களில்தான் நம் இல்லங்களில் குழப்பம் மிகுதி. காப்பீட்டில் இரு பைகள் உள்ளன. ஒன்று, நம்மால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது. இதைத்தான் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. இதில் யார் மீது பிழை என்பதே அடிப்படைக் கேள்வி. மற்றொன்று, நம் வண்டியின் சேதத்திற்கானது. இதில் பிழை எவருடையது என்று நம் நிறுவனம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆனால் உரிமமின்றியோ குடிபோதையிலோ ஓட்டியிருந்தால் மறுத்துவிடும்.

2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டுக்கும், இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டுக்கும் சேர்த்தே முதல் வகைக் காப்பீடு எடுக்கவேண்டும் என்றாயிற்று. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையின் விளைவு இது. ஆனால் இரண்டாவது பை ஓராண்டிலேயே காலியாகிவிடலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரியவரின் ஸ்கூட்டருக்கும் முதல் வகை மட்டுமே இருந்தது. உடைந்த விளக்குக்கு அவருடைய நிறுவனத்தில் ஒரு காசும் கிடைக்காது. எங்கள் மீது வழக்கிட்டுத் தீர்ப்பாயத்தில்தான் பெறவேண்டும். அதற்குப் போய்வரும் செலவே விளக்கின் விலையைத் தாண்டும்.

மைத்துனருக்கு இரண்டு பைகளும் இருந்தன. பட்டறையில் 8,000 ரூபாய் என்றார்கள்: பம்பர் 5,000, டிங்கர் கூலி 3,000. பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலையே கிடைக்கும். 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு முதல் 1,000 ரூபாய் உரிமையாளருடையது. ஆக, கைக்கு வருவது 4,500. ஐந்தாண்டுகள் எதுவும் கேட்காததால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாயில் அவருக்கு 50 விழுக்காடு சலுகை இருந்தது. கேட்டால் அது அடியோடு போய்விடும். பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறித்தான் மீண்டும் 50-ஐ எட்டவேண்டும். அந்த ஐந்தாண்டில் இழப்பது 5,000, 3,000, 2,500, 1,500, 500. கூட்டினால் 12,500 ரூபாய்! சலுகையைக் காக்கும் துணைப் பாலிசியும் அவரிடம் இல்லை. கேட்பதில்லை என்று முடிவு செய்தோம்.

பெரிய சேதமாயின் கேட்கத்தான் வேண்டும். நியாயமின்றி நம் நிறுவனம் மறுத்தால், முதலில் அதனிடமே எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். எதிர்த்தரப்பு வண்டிக்காரருடன் உள்ள வழக்கை மட்டும் அவர் விசாரிப்பதில்லை.

அன்று வீடு திரும்பி, நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தோம். தங்கை இடைமறித்தாள். "பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, மாற்றினீர்களா?" மைத்துனர் பதில் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்ப் பிரேக்கை அழுத்தச் சொல்லிப் பார்த்தார். இரண்டு விளக்குகளும் இருண்டே இருந்தன.

ஞாயிறன்று காலை அந்தப் பெரியவரின் கடையைத் தேடிச் சென்றோம். நிறுவனத்திடம் எதுவும் கேட்கப்போவதில்லை என்பதால் நிபந்தனைக்குப் பயப்படத் தேவையிருக்கவில்லை. விளக்கு நிலவரத்தைச் சொல்லி, புது முன்விளக்குக்கான தொகையை மைத்துனர் நீட்டினார். அவர் எண்ணிப்பார்த்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நானுங் கொஞ்சம் வெரசாத்தானுங்க வந்தேன்," என்றார்.